வழக்குகளின் பட்டியலும் பார்க்கப்படாத படங்களும்

தமிழ்ச் சிற்றிதழ்ச் சூழலில் ஒரு பெயருக்கு முன்னால் ‘சர்ச்சைக்குரிய’ என்னும் அடைமொழி ஒட்டிக்கொண்டுவிட்டால், அதன் பிறகு அந்தப் பெயருக்குரியவர் என்ன செய்தார் என்று யாரும் கேட்பதில்லை. அவருக்கு என்ன நேர்ந்தது என்று மட்டுமே கேட்கிறார்கள். லீனா மணிமேகலையின் பெயர் இந்த அடைமொழியோடு பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக வலம்வந்து கொண்டிருக்கிறது. அவர் மீது போடப்பட்ட வழக்குகளை வரிசையாகச் சொல்லக்கூடிய இலக்கிய நண்பர்களை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய படங்களில் இரண்டை முழுமையாகப் பார்த்தவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஆதரவாளர்கள், எதிர்ப்பாளர்கள் என்ற வேறுபாடு இதில் இல்லை. எதிர்ப்பவர் பார்க்காமலே எதிர்க்கிறார். ஆதரிப்பவர் பார்க்காமலே கையெழுத்திடுகிறார். இரு தரப்புக்கும் படம் தேவைப்படவில்லை, செய்தி போதுமானதாக இருக்கிறது.

இந்தக் கட்டுரையின் வாதம் எளியது. அரசியல் ஆவணப்படக்காரரை அரசு தடுப்பது ஒரு வகை மறுப்பு. அவரை ஒரு ‘நிகழ்வாக’ மாற்றிவிட்டு அவருடைய படைப்பைப் பேசாமல் விடுவது இன்னொரு வகை மறுப்பு. முதலாவதற்கு மேல்முறையீடு உண்டு, நீதிமன்றம் உண்டு. இரண்டாவதற்கு எங்கே போய் முறையிடுவது? அதைச் செய்துகொண்டிருப்பவர்கள் நாம், அதாவது இலக்கிய வாசகர்கள் என்று நம்மை அழைத்துக்கொள்பவர்கள்.

1

முதலில் படங்களைப் பற்றிப் பேசுவோம்.

2000களின் தொடக்கத்தில் ‘மாத்தம்மா’ வந்தது. அரக்கோணம் பகுதியில் அருந்ததியர் குடும்பங்களில் பெண் குழந்தைகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தைப் பற்றியது. அடுத்து ‘பறை’, தலித் பெண்கள் மீதான வன்முறையைப் பற்றியது. பின்னர் ‘தேவதைகள்’: சாவு வீட்டில் ஒப்பாரி பாடும் ஒருவர், கடலுக்குப் போய் மீன் பிடிக்கும் ஒருவர், கேட்பாரற்ற பிணங்களை எடுத்து அடக்கம் செய்யும் ஒருவர் என மூன்று பெண்கள். மும்பைப் பன்னாட்டு விழாவில் 2008இல் அப்படத்துக்குத் தங்கச் சங்கு விருது கிடைத்தது. 2011இல் ‘செங்கடல்’. 2013இல் இலங்கையில் காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களைத் தேடிச் சென்று எடுத்த ‘வெள்ளை வேன் கதைகள்’. அதன் பகுதிகள் அவ்வாண்டு கொழும்பில் காமன்வெல்த் மாநாடு நடந்த நவம்பர் மாதத்தில் பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயின. 2019இல் புதிரை வண்ணார் சமூகத்துப் பெண்ணொருத்தி தெய்வமாகும் கதையைச் சொன்ன ‘மாடத்தி’. 2022இல் ‘காளி’.

இந்த வரிசையை நிதானமாகப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒப்பாரி பாடுவது, பிணம் புதைப்பது, தீட்டுத் துணி வெளுப்பது, கடலில் வலை இழுப்பது, காணாமல் போன மகனின் படத்தை ஏந்திக்கொண்டு அலுவலக வாசலில் உட்கார்ந்திருப்பது ஆகிய அனைத்தும் சமூகம் தனக்குத் தேவை என்று வைத்துக்கொண்டு, கண்ணில் படக்கூடாது என்று ஒதுக்கிய வேலைகள். அவற்றைச் செய்யும் பெண்களே இருபது ஆண்டுகளாக இவருடைய சட்டகத்துக்குள் வந்துகொண்டிருக்கிறார்கள். ‘மாடத்தி’யில் இது கருப்பொருளாகவே வெளிப்பட்டுவிடுகிறது: பார்த்தாலே தீட்டு என்று விதிக்கப்பட்ட ஒரு சாதியைப் பற்றி ஒருவர் படம் எடுக்கிறார் என்றால், ‘பார்த்தல்’ என்ற செயலே அங்கே அரசியலாகிவிடுகிறது. அடிநாதம் இவ்வளவு தெளிவாக இருக்கும் ஒரு படைப்பு வாழ்க்கையை நாம் ‘ஒரு கவிதைக்கு எதிரான புகார், ஒரு சான்றிதழ் மறுப்பு, ஒரு சுவரொட்டி’ என்று சுருக்கி வைத்திருக்கிறோம். இதை வாசிப்பு என்று எப்படி அழைப்பது?

2

இவரைப் பற்றி, பொதுவாகவே அரசியல் ஆவணப்படக்காரர்களைப் பற்றி, நம் சூழலில் சொல்லப்படும் முதல் குற்றச்சாட்டு: ‘இது கலை அல்ல, பிரச்சாரம்’.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்க வேண்டும். 1948இல் தொடங்கப்பட்ட திரைப்படப் பிரிவு, அதாவது ஃபிலிம்ஸ் டிவிஷன், பல பத்தாண்டுகள் நம் திரையரங்குகளில் முதன்மைப் படத்துக்கு முன்னால் கட்டாயமாகத் திரையிட்ட செய்திப்படங்களே நம் தலைமுறையினருக்கு ‘டாக்குமென்டரி’ என்ற சொல்லின் பொருளைக் கற்றுக் கொடுத்தன. அணை திறப்பு, வெள்ள நிவாரணம், குடும்பக் கட்டுப்பாடு. படம் முடியும்வரை வெளியே நின்று தேநீர் குடித்துவிட்டு உள்ளே போவது ஒரு பண்பாடாகவே இருந்தது. ஆவணப்படம் என்றால் அரசு பேசும் குரல், அது சலிப்பூட்டும் என்பது அப்போது பதிந்த எண்ணம். அந்தக் குரலுக்கு எதிராக ஆனந்த் பட்வர்தன் போன்றவர்கள் 1970களிலிருந்து எடுத்த படங்களும் நம் மனத்தில் அதே பெட்டியில்தான் போய் விழுந்தன. அரசின் பிரச்சாரத்தை மறுத்துப் பேசியதையும் பிரச்சாரம் என்றே அழைத்தோம்.

தமிழில் இதன் விளைவு கடுமையானது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணி ஆற்றில் 17 பேர் உயிரிழந்ததை ஆர்.ஆர். சீனிவாசன் ‘நதியின் மரணம்’ என்று பதிவு செய்தார். மதுரையில் ஒரு தெருவை நாள்தோறும் கையால் சுத்தம் செய்யும் பெண்ணை ஆர்.பி. அமுதன் ‘பீ’ என்ற படத்தில் பின்தொடர்ந்தார். திவ்யபாரதி 2017இல் ‘கக்கூஸ்’ எடுத்தார். வழக்குகளையும் மிரட்டல்களையும் சந்தித்தார். ஒக்கிப் புயலில் மாண்ட மீனவர்களைப் பற்றிய ‘ஒருத்தரும் வரேல’ படத்துக்காக மீண்டும் காவல்துறையின் கெடுபிடிக்கு ஆளானார். இவர்களில் யாருடைய படத்தின் வடிவம் குறித்தாவது நம் இலக்கிய இதழ்களில் ஒரு சிறுகதைத் தொகுப்புக்குக் கிடைக்கும் அளவு விவாதம் நடந்ததா? ‘முக்கியமான பதிவு’ என்று இரண்டு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ‘பதிவு’ என்ற சொல்லே ஒரு தந்திரம். பதிவாளர் அலுவலகத்தில் நடப்பதும் பதிவுதான். அதில் படைப்பாளிக்கு என்ன வேலை?

கடலைப் பற்றி நாவல் எழுதியவர்களை நாம் இப்படி நடத்தவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ இன்றும் வாசிக்கப்படுகிறது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ வந்தபோது அதன் வட்டார மொழியைப் பற்றி, காலக் கட்டமைப்பைப் பற்றி, கதைமாந்தர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. ‘கொற்கை’க்கு 2013இல் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்தது. எல்லாம் தகும். ஆனால் அதே நெய்தல் மனிதர்கள் எழுத்தில் வந்தால் இலக்கியம், தங்கள் சொந்த முகத்தோடும் சொந்தக் குரலோடும் திரையில் வந்தால் பிரச்சாரம் என்பது என்ன நியாயம்? நாவலில் வரும் மீனவர் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆவணப்படத்தில் வருபவர் பார்க்கிறார். நம் சங்கடம் அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

3

இரண்டாவது குற்றச்சாட்டு: ‘இவர் தன்னைத்தானே முன்னிறுத்திக்கொள்கிறார், எல்லாம் விளம்பரத்துக்காக.’

‘செங்கடல்’ படத்தை எடுத்துக்கொள்வோம். அது ஆவணப்படம் அல்ல, கதைப்படம். ஆனால் ஆவணப்படக்காரர் எடுத்த கதைப்படம். தனுஷ்கோடியின் மீனவர்களும் மண்டபம் முகாமின் அகதிகளும் அதில் நடித்திருக்கிறார்கள். எழுத்தாளர் ஷோபாசக்தி திரைக்கதையில் பங்கேற்றதோடு, வானொலிப் பெட்டியோடு திரியும் சூரி என்னும் அகதியாக நடித்தார். அந்தக் கடற்கரைக்கு மணிமேகலை என்ற பெயரில் ஒரு ஆவணப்பட இயக்குநர் வருகிறார். அந்தப் பாத்திரத்தில் லீனாவே நடித்தார். ‘பார்த்தீர்களா, தன் படத்தில் தானே கதாநாயகி’ என்று சொன்னவர்கள் உண்டு. அந்தப் பாத்திரம் படத்தில் என்ன ஆகிறது என்று அவர்கள் பார்க்கவில்லை. அவள் வெல்லவில்லை. மீனவர் எப்படித் தன் தொழிலில் தோற்கடிக்கப்படுகிறாரோ, அகதி எப்படித் தன் இருப்பில் தோற்கடிக்கப்படுகிறாரோ, அப்படியே படம் எடுக்க வந்தவளும் தோற்கடிக்கப்படுகிறாள். கேமராவை வெளியே மறைத்து வைத்துவிட்டு ‘இதோ உண்மை’ என்று காட்டுவதைவிட, கேமராவோடு வந்தவளின் கையாலாகாத்தனத்தையும் சட்டகத்துக்குள் கொண்டுவருவது நேர்மையான வழி. இதைத் தன்விளம்பரம் என்று வாசிப்பவர், தன்மை ஒருமையில் எழுதப்பட்ட எல்லாக் கதைகளையும் அப்படியே வாசிக்கட்டும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். தமிழில் ஆண் எழுத்தாளர் வம்புக்கு நின்றால் அவர் ‘கலகக்காரர்’. அது பட்டம், மணிவிழா மலரில் அச்சேறும். பெண் படைப்பாளி அதே வேலையைச் செய்தால் ‘கவன ஈர்ப்பு’. ஒரே செயலுக்கு இரண்டு சொற்கள் நம் அகராதியில் இருக்கின்றன. எந்தச் சொல்லை எடுப்பது என்பதைப் படைப்பு தீர்மானிப்பதில்லை, பால் தீர்மானிக்கிறது. 2010இல் இவருடைய கவிதைகளுக்கு எதிராகக் காவல்துறையில் புகார் கொடுக்கப்பட்டபோது, கருத்துச் சுதந்திரம் பேசிய பலர் ‘ஆனாலும் அந்தக் கவிதைகள்...’ என்று இழுத்தார்கள். அந்த ‘ஆனாலும்’ என்ற சொல்லுக்குப் பின்னால் தமிழ் அறிவுலகத்தின் ஒழுக்கவியல் முழுவதும் ஒளிந்திருக்கிறது.

4

தணிக்கைக்கு வருவோம். இங்கே சட்டத்தின் வரலாறு நமக்கு உதவும்.

இந்தியாவில் திரைப்பட முன்தணிக்கை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1970இல் தீர்ப்பளித்தது ஓர் ஆவணப்படத்தின் வழக்கில்தான். கே.ஏ. அப்பாஸ் எடுத்த, சில நிமிடங்களே ஓடும் படம் அது. நான்கு நகரங்களின் செல்வத்தையும் வறுமையையும் எதிரெதிரே வைத்தது. ஆக, நூற்றுக்கணக்கான வணிகப் படங்கள் வெளியாகிக்கொண்டிருந்த நாட்டில் தணிக்கை அதிகாரத்தின் எல்லை என்ன என்ற கேள்வியை எழுப்பியது ஒரு குறும்படம்தான். அரசுகளுக்கு எதைப் பார்த்து அச்சம் என்பது இதிலிருந்தே தெரிகிறது.

பின்னர் 1989இல் தமிழ்ப் படமொன்று இன்னொரு முக்கியமான தீர்ப்புக்குக் காரணமாயிற்று. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ இட ஒதுக்கீட்டைக் கேள்வி கேட்ட படம். அதன் கருத்தோடு எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. ஆனால் கலவரம் வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டி அரசு ஒரு படத்தை முடக்க முடியாது, எதிர்ப்பவர்களிடமிருந்து படத்தைக் காப்பதே அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த வழக்கில்தான். நமக்குப் பிடிக்காத படத்துக்குக் கிடைத்த உரிமைதான் நமக்குப் பிடித்த படத்தைக் காப்பாற்றும் கேடயம். இது நம் முற்போக்கு நண்பர்கள் பலருக்குக் கசப்பான பாடம். இன்னும் படிக்கப்படாத பாடமும்கூட.

‘செங்கடல்’ படத்துக்கு 2011இன் தொடக்கத்தில் சான்றிதழ் மறுக்கப்பட்டது. இந்திய, இலங்கை அரசுகளை இழிவுபடுத்தும் பேச்சுகள் இருக்கின்றன, கொச்சைச் சொற்கள் இருக்கின்றன என்பவை காரணங்கள். கரையில் நிற்கும் மீனவரின் வாயில் அரசைப் பற்றி என்ன பேச்சு வரும் என்று எதிர்பார்த்தார்கள்? வணிகப் படத்தில் நாயகன் நூறு பேரை வெட்டிச் சாய்க்கலாம். கணவனைக் கடலில் பறிகொடுத்தவள் அரசை வையக்கூடாது. அதே ஆண்டில் தணிக்கை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வெட்டின்றி அனுமதித்தது. இந்தத் தீர்ப்பாயம் இன்று இல்லை. 2021 ஏப்ரலில் மத்திய அரசு அவசரச் சட்டத்தின் வழியாக அதைக் கலைத்துவிட்டது. இன்று ஓர் ஆவணப்படக்காரருக்குச் சான்றிதழ் மறுக்கப்பட்டால் அவர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். வழக்கறிஞர் கட்டணம் படத்தின் செலவைத் தாண்டும். தடை என்று யாரும் அறிவிக்க வேண்டியதில்லை, செலவே தடையாகிவிடும். இதை எதிர்த்து இலக்கிய உலகிலிருந்து எத்தனை குரல்கள் எழுந்தன என்பதை அவரவர் மனசாட்சியிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

‘காளி’ விஷயத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 2022 ஜூலை மாதத் தொடக்கத்தில் ஒரு சுவரொட்டி வெளியானது. டொரண்டோ வீதியில் உலவும் காளி வேடமணிந்த பெண் புகைபிடிக்கிறாள், பின்னால் வானவில் கொடி. சில நாள்களில் ஒட்டாவாவிலிருந்த இந்தியத் தூதரகம் தலையிட்டது. திரையிட்ட ஆகா கான் அருங்காட்சியகம் வருத்தம் தெரிவித்துப் படத்தை விலக்கிக்கொண்டது. இந்தியாவில் பல மாநிலங்களில் வழக்குகள் பதிவாயின. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கைது நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு அளித்தது. பின்னர் வழக்குகளை ஒன்றாக்கித் தில்லிக்கு மாற்றியது. இத்தனைக்கும் படத்தைப் பார்த்தவர்கள் ஒரு சிறு அரங்கில் அமர்ந்திருந்தவர்கள் மட்டுமே. ஒரு நிழற்படத்தின் மீது ஒரு நாடே விமர்சனம் எழுதியது.

எங்கள் பக்கத்துக் கொடைகளில் முனிக்கும் மாடனுக்கும் சுருட்டும் சாராயமும் படைப்பது புதிய செய்தி அல்ல. அருள் வந்து ஆடும் பெண் அன்றைக்கு ஊருக்கே நாட்டாமை. அவளைக் கையெடுத்துக் கும்பிட்டு, ‘என்ன குறை வச்சோம் தாயீ’ என்று கேட்காத குடும்பத் தலைவர் உண்டா? நாட்டார் வழக்காற்றியலைப் பல்கலைக்கழகங்களில் பாடமாக வைத்திருக்கும் தமிழ்த் துறைகள் இதைப் பற்றி ஓர் அறிக்கையாவது விட்டிருக்கலாம். தெய்வம் என்பது ஒரே ஒரு முகம் கொண்டது, அந்த முகம் நாட்காட்டிப் படத்தில் அச்சடிக்கப்பட்டது என்று சொல்பவர்களுக்கு முன்னால், சுடலையையும் பேச்சியையும் ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கியவர்கள் மௌனமாக இருந்தார்கள். அந்த மௌனத்தின் விலை லீனாவோடு முடிந்துவிடாது. நாளை நம் ஊர்ச் சாமிகளும் அதைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

5

இதுவரை எழுதியதைப் படித்து, ‘ஆக, ஆதரவுக் கட்டுரை’ என்று யாராவது முடிவுக்கு வந்திருந்தால் கொஞ்சம் பொறுக்கவும். எதிர்ப்பாளர்களைவிட ஆதரவாளர்கள் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம்.

‘துணிச்சல்’ என்பது விமர்சனச் சொல் அல்ல. துணிச்சலான படம் மோசமான படமாகவும் இருக்கலாம். ஒரு படைப்பாளியைத் தொடர்ந்து துணிச்சலுக்காக மட்டுமே பாராட்டிக்கொண்டிருப்பது, அவரை அடுத்த சர்ச்சைக்குத் தள்ளிவிடும் வேலை. ‘தேவதைகள்’ படத்தில் ஒப்பாரி பாடுபவருக்குத் தரப்பட்ட நிதானத்தையும் ‘காளி’யின் சுவரொட்டி உருவாக்கிய கூச்சலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இந்தப் பயணத்தில் எது கூடியிருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டும். அப்படிக் கேட்பதுதான் ஒரு படைப்பாளியை மதிப்பது.

என் கேள்வியை நான் கேட்கிறேன். ‘செங்கடல்’ என் கடலைப் பற்றிய படம். ஜெகதாப்பட்டினம் பாக் நீரிணையின் கரையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிறது, பக்கத்தில் கோட்டைப்பட்டினம். இரண்டு ஊர்களிலும் விசைப்படகுகள்தான் வாழ்க்கை. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள்கள் நாட்டுப்படகு என்பது இந்தப் பக்கத்து ஏற்பாடு. படகு கிளம்பும் நாள்களில் என் வகுப்பின் பின்வரிசை காலியாகிவிடும். நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல் என்று நான் கரும்பலகையில் எழுதும் நேரத்தில், அதைக் கேட்க வேண்டிய பையன்கள் ஐஸ் ஏற்றிக்கொண்டிருப்பார்கள்.

2021 ஜனவரி 18 அன்று கோட்டைப்பட்டினத்திலிருந்து கடலுக்குச் சென்ற ஒரு விசைப்படகு நெடுந்தீவுக்கு அருகே இலங்கைக் கடற்படைக் கப்பல் மோதி மூழ்கியது. நான்கு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் மண்டபம் முகாமைச் சேர்ந்த இலங்கை அகதி. அதே ஆண்டு அக்டோபரில் அதே போன்ற இன்னொரு மோதலில் இன்னொருவர் இறந்தார். மண்டபத்து அகதியும் தமிழகத்து மீனவரும் ஒரே படகில் ஏறி ஒரே கடலில் சாவது, 2011இல் ‘செங்கடல்’ கட்டி எழுப்பிய உலகம் அப்படியே. பத்தாண்டுகளுக்குப் பின் நடந்த ஒரு சாவை ஒரு படம் முன்கூட்டியே பார்த்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். சாவு நிற்கவே இல்லை, நாம் பார்ப்பதை நிறுத்திவிட்டோம் என்பதுதான் உண்மை.

ஆனால் அந்தப் படத்திலிருந்து இன்றைக்கு நான் கேட்பது வேறு. ‘செங்கடல்’ எழுப்பிய கேள்வி துப்பாக்கியைப் பற்றியது: யார் சுட்டது, ஏன் யாரும் பதில் சொல்லவில்லை. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை. கூடவே இன்னொரு கேள்வி வளர்ந்துவிட்டது, அது வலையைப் பற்றியது. 2009இல் போர் முடிந்தபின் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மீண்டும் கடலுக்குத் திரும்பிய தமிழ் மீனவர்களின் வலைகளை அறுத்துக்கொண்டு போகின்றன எங்கள் இழுவைமடிகள். இழுவைமடி கடலடியை வழித்தெடுக்கும். குஞ்சும் சினையும் தப்பாது. எங்கள் பக்கத்துக் கடலில் மீன் குறைந்ததால்தான் எல்லை தாண்டுகிறோம். குறைந்ததற்கு அதே மடிதான் பெரிய காரணம். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தது. இங்கே அதே ஆண்டில் பாக் நீரிணையின் 2000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் மீன்பிடிப்புக்கு மாற்றுவதாக ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. அந்த இலக்கின் பக்கத்தில்கூட அது போகவில்லை.

இழுவைமடியை மீனவர் கனவில் கண்டு கொண்டுவரவில்லை. இறால் ஏற்றுமதிக்காக அரசே கடன் கொடுத்து, ஊக்கம் கொடுத்து, பரப்பிய தொழில்நுட்பம் அது. இன்று விசைப்படகில் போகும் கூலி மீனவருக்குப் படகும் சொந்தமில்லை, வலையும் சொந்தமில்லை. சிறை மட்டும் சொந்தம். பிடிபட்டால் அவர் யாழ்ப்பாணச் சிறையில் இருப்பார். அவர் வீட்டுப் பெண் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மனுவோடு நிற்பார். அக்கரையில் வலை அறுபட்ட குடும்பத்துப் பெண்ணும் இதே போல ஒரு மனுவோடு எங்கோ நின்றுகொண்டிருப்பார். இந்த இரண்டு பெண்களையும் ஒரே சட்டகத்தில் வைக்கும் படம்தான் இன்றைக்குத் தமிழில் எடுக்கப்படக்கூடிய மிகவும் சீண்டலான படம். அதை எடுத்தால் கொழும்பு கோபப்படும், தில்லி கோபப்படும், சென்னையின் எல்லாக் கட்சிகளும் கோபப்படும். எங்கள் துறைமுகமும் கோபப்படும்.

ஆனந்த் பட்வர்தன் 1998இல் மீனவர்களைப் பற்றி எடுத்த ‘ஃபிஷிங்: இன் த சீ ஆஃப் க்ரீட்’ படத்தில் எதிரி தெளிவாக இருந்தான்: கடலை வாரிக்கொண்டு போகும் பெருங்கப்பல்கள். எதிரி வெளியே இருக்கும்வரை அரசியல் படம் எடுப்பதில் ஒரு வசதி இருக்கிறது. கேமரா எதிரியின் பக்கம் திரும்பியிருக்கும், பார்வையாளர் நம் பக்கம் அமர்ந்து கைதட்டுவார். பாக் நீரிணையில் அந்த வசதி கிடையாது. இங்கே சுடப்பட்டவரே அக்கரைக்காரருக்கு வலையறுத்தவர். இரண்டும் உண்மை, ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைப்பவர் கட்சிக்காரர், இரண்டையும் தாங்கிக்கொள்ளும் வடிவத்தைக் கண்டுபிடிப்பவர் கலைஞர். ‘வெள்ளை வேன் கதைகள்’ எடுத்தவர் வடக்கிலும் கிழக்கிலும் மட்டும் நிற்காமல் தெற்குக்கும் போனார்; துயரத்துக்கு ஒரு மொழி மட்டும் இல்லை என்று காட்ட முனைந்தார். அதனால்தான் லீனாவிடம் இதை எதிர்பார்க்க எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன். டொரண்டோவின் வீதிகளைவிட இந்தக் கடலில் அவருக்கு வேலை அதிகம். இதைச் சொல்வதால் ‘காளி’ மீதான வழக்குகளுக்கு எதிராக நான் சொன்ன எதுவும் குறைந்துவிடாது.

6

ஒரு மறுப்பை எதிர்பார்க்கிறேன்: ‘அவரே சிக்கலில் இருக்கும்போது இப்படி விமர்சிப்பது எதிரிக்குத் துணைபோவதாகாதா?’ ஆகாது. ஒரு படைப்பாளிக்காக நீதிமன்ற வாசலில் நிற்பதும், அவருடைய படத்தின் முன் உட்கார்ந்து கறாராகப் பார்ப்பதும் ஒன்றையொன்று வெட்டும் செயல்கள் அல்ல. முதலாவதை மட்டும் செய்பவர் அவரை மனித உரிமைக் கோப்பாக்கிவிடுகிறார். இரண்டாவதை மட்டும் செய்பவர், அரசு படத்தைப் பறித்துக்கொண்டு போகும்போது அதன் ஒளிப்பதிவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். இரண்டும் வேண்டும்.

இன்னொரு மறுப்பும் வரும்: ‘படங்கள் கிடைப்பதில்லையே, எப்படிப் பார்ப்பது?’ பாதி உண்மை. ‘மாடத்தி’ 2021இல் இணையத் தளமொன்றில் வெளியானது. ‘கக்கூஸ்’ யூடியூபில் வெளியிடப்பட்டது. கிடைப்பதைப் பார்த்தோமா? கிடைக்காததைக் கேட்டோமா? நூல் வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் பிடிக்கும் நம் இலக்கிய அமைப்புகள், மாதம் ஒரு ஆவணப்படத்தைத் திரையிட்டு அதன் இயக்குநரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்க முடியாதா? ஒரு திரை, ஒரு ஒளிப்படக் கருவி, நாற்பது நாற்காலி. அதற்கு மேல் என்ன வேண்டும்? நகரங்களில் மட்டுமல்ல, மணமேல்குடியிலும் ஜெகதாப்பட்டினத்திலும் வேண்டும். ‘செங்கடல்’ பற்றி என் மாணவர்களிடம் கேட்டபோது அந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கூட வகுப்பில் இல்லை. அந்தப் படம் யாரைப் பற்றியதோ அவர்களின் பிள்ளைகள் அவர்கள். அரங்கில் விருது வாங்கிய படம் கரைக்கு வந்து சேரவில்லை என்றால், அதற்கு இயக்குநரும் பொறுப்பு, திரையிடும் இயக்கங்களும் பொறுப்பு, என்னைப் போன்ற ஆசிரியர்களும் பொறுப்பு.

எனவே கோரிக்கைகள் இவை. அடுத்த முறை லீனா மணிமேகலையைப் பற்றி யாராவது எழுத வந்தால், முதல் பத்தியில் வழக்கைப் பற்றி எழுதாமல் ஒரு காட்சியைப் பற்றி எழுதட்டும். இதழாசிரியர்கள், ஆவணப்படத்துக்கு நாவலுக்குத் தரும் அதே பக்கங்களைத் தரட்டும். துணிச்சலைப் பாராட்டுபவர்கள், அந்தத் துணிச்சல் யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் கேட்கட்டும். எதிரியைச் சீண்டுவது எளிது. தன்னவரைச் சீண்டுவதில்தான் ஓர் அரசியல் கலைஞரின் தரம் தெரியும். அப்படி ஒரு கேமரா எங்கள் ஊருக்கு வந்து இழுவைமடியைக் காட்டச் சொன்னால், அதை அடித்து விரட்டாமல் இருக்கும் பக்குவம் எங்களுக்கு வேண்டும். அந்தப் பேச்சை இங்கே நான் தொடங்கியாயிற்று. மறுப்பவர்கள் மறுக்கலாம்; படங்களைப் பார்த்துவிட்டு மறுக்கட்டும்.